டிரெய்லரில் பைக் கொண்டுபோவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: சைடு ஸ்டாண்ட் போட்டு நான்கு பட்டைகளால் இறுக்கமாகத்தான் கட்டினேன். போய்ச் சேர்ந்தபோது பைக் சாய்ந்து கிடந்தது. எங்கே தப்பு?

ஸ்டாண்டில்தான். அதன் மேல் கட்டினால் பாரமெல்லாம் அந்த ஒரு கம்பியின் மேல் ஏறும். டிரெய்லர் குலுங்கக் குலுங்க அது வளையும், இல்லையென்றால் மெல்ல நகரும். ஸ்டாண்டை மடக்கிவிட்டு, பைக்கை நிமிர்த்தி, முன்சக்கரத்தை வீல் சாக்கில் (சக்கரம் உருளாமல் பிடிக்கும் தடுப்பு) முட்டவைத்துக் கட்டுங்கள். முன்பட்டைகள் இரண்டும் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் கீழே இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்; மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. பின்பட்டைகள் பின்சக்கரம் துள்ளி ஓரம்போகாமல் பிடிக்க மட்டுமே.

அப்புறம் கொக்கி. பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பட்டை ஒரு கணம் தொய்யும். திறந்த கொக்கி கழல அந்த ஒரு கணம் போதும். என் பைக்கே ஒருமுறை அப்படித்தான் விழுந்தது. டேங்கில் பட்ட நசுங்கல் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து வாய்க்குப் பூட்டு உள்ள கொக்கிதான் வாங்குகிறேன்.

கேள்வி: ஹேண்டில்பார் பிடியில் மாட்டி இழுக்கலாமா?

வேண்டாம். பிடி வழுக்கும், பார் வளையும், பிரேக் குழாய் நசுங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ் கிளாம்பில் துணி வளையம் போட்டு, அதில் கொக்கியை மாட்டுங்கள்.

கேள்வி: ஃபோர்க்கை அடிவரை அமுக்கினால்தான் ஆடாது என்கிறார்கள். சரியா?

பாதி அமுங்கினால் போதும். அடிவரை இழுத்தால் குலுக்கலைத் தாங்க ஃபோர்க்கில் இடமே இருக்காது. அடியெல்லாம் பட்டைக்கும், ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலுக்கும்தான் போகும்.

கேள்வி: வேகம் கூடினால் டிரெய்லர் வாலாட்டுகிறது அண்ணே. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பெரும்பாலும் காரணம், பாரம் அச்சுக்குப் பின்னால் இருப்பது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்காவது கப்ளர் (டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் முன்முனை) மேல் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. இழுக்கும் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கப்ளருக்கு அடியில், இணைக்கும் உயரத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். குறைந்தால் பைக்கை முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஓடும்போதே ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிடுங்கள்.

கேள்வி: பலகையில் ஓட்டியே ஏற்றிவிடலாமா?

ஏற்றியவர்கள் உண்டு, விழுந்தவர்களும் உண்டு. பலகையைக் கட்டாமல் விட்டால் பின்சக்கரம் தள்ளுகிற வேகத்தில் அது பின்னுக்குச் சறுக்கிவிடும். பாதியில் நின்றால் கால் ஊன்றத் தரையும் இருக்காது. பலகையை டிரெய்லரோடு கட்டிவிட்டு, நீங்கள் நடக்க இன்னொரு பலகை போட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டபடி கூடவே நடந்து ஏற்றுங்கள்.

இறக்குவதுதான் உண்மையில் கஷ்டம். பின்னோக்கி இறங்கும்போது எடை பின்சக்கரத்தில் இருக்கும், அதனால் முன்பிரேக் பிடித்தாலும் முன்சக்கரம் வழுக்கும். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சையே பிரேக்காக விட்டு விட்டுப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும்.

கேள்வி: கிளம்பிய பிறகு எத்தனை தடவை நிறுத்திப் பார்ப்பது?

முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை, அப்புறம் டீ குடிக்க நிற்கும்போதெல்லாம். பட்டை தளர்ந்திருக்கிறதா, சக்கர நட்டு இறுக்கமா, சக்கரத்தின் நடுப்பகுதி தொட முடியாத அளவு சுடுகிறதா என்று பாருங்கள். அப்படிச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ சரியில்லை. அதோடு மேலே போகாதீர்கள்.

கேள்வி: பைக்கைக் கவர் போட்டு மூடலாமா?

திறந்த டிரெய்லரில் வேண்டாம். காற்றில் படபடத்துப் பெயின்டைத் தேய்த்துவிடும்.