மேற்குத் தொடர்ச்சி மலை எரிமலையால் உருவானதா? மீண்டும் வெடிக்குமா?

கேள்வி ஒரு வரிதான். ஆனால் 'ஆமாம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் பாதி தவறாகிவிடும். கோவாவுக்கு வடக்கே இந்த மலையின் கல் முழுக்க எரிமலைக் குழம்பு இறுகியது. ஆனால் அந்தக் கல்லை மலையாக நிற்க வைத்தது எரிமலை அல்ல. கோவாவுக்குத் தெற்கே, நம் நீலகிரி, ஆனைமலை வரை வந்தால் கல்லுக்கும் எரிமலைக்கும்கூடத் தொடர்பு இல்லை.

புனே பக்கம் நிலத்தடி நீர் ஆய்வு என் தொழில். அந்தக் கல்லோடுதான் என் பொழுது கழிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலையும் உச்சியில் புகையும் நினைவுக்கு வரும். தக்காணத்தில் நடந்தது அப்படி அல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் நீள நீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி வெள்ளம்போலப் பரவியது. ஒரு வெள்ளம் இறுகியபின் அதன்மேல் அடுத்தது. இன்று மிஞ்சியிருப்பது மட்டுமே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியும் குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் ஆகியவற்றின் சில பகுதிகளும் இதில் அடங்கும். மகாபலேஷ்வர் பக்கம் கண்ணுக்குத் தெரியும் அடுக்குகளே ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனம். ராஜமுந்திரி அருகே கோதாவரிக் கரையில் இருக்கும் பசால்ட்டின் (குழம்பு இறுகி உண்டாகும் கருங்கல்லின்) வேதியியல் இங்குள்ள அடுக்குகளோடு பொருந்துகிறது. பள்ளத்தாக்குகளின் வழியே குழம்பு அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

குழம்பு இடைவிடாமல் கொட்டவில்லை என்பதற்கும் கல்லிலேயே சாட்சி உண்டு. ஒரு கிணறு வெட்டும் இடத்தில் நின்று பார்த்தால் போதும். மேலே முரூம் என்று இங்கே சொல்லும் உதிர்ந்த கல். அதற்குக் கீழே கடப்பாரை பட்டால் மணிபோல ஒலிக்கும் கரும்பாறை. அதையும் தாண்டினால் சில இடங்களில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை வரும்; சில அங்குலமும் இருக்கலாம், ஒன்றிரண்டு அடியும் இருக்கலாம். இரண்டு வெள்ளங்களுக்கு நடுவே, வெயிலிலும் மழையிலும் கிடந்து கல் சிதைந்ததன் தடம் அது. அதை அடுத்து, முந்தைய வெள்ளத்தின் மேற்பரப்பு துளைதுளையாக வெளிப்படும். குழம்பிலிருந்து வாயு வெளியேறும்போது உண்டான குமிழிகள் அவை. பின்னாளில் ஊறிய நீர் அந்தக் குமிழிகளில் வெள்ளை ஜியோலைட் படிகங்களை வளர்த்துவிட்டது. புதிதாக உடைத்த கல்லில், கருப்புக்கு நடுவே அரிசி அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை அவை மின்னும்போது, எத்தனை முறை பார்த்திருந்தாலும் எனக்குக் குனிந்து கையில் எடுக்காமல் இருக்க முடியாது.

என் வேலைக்கு இது வெறும் அழகு அல்ல. வெடிப்பில்லாத கரும்பாறையில் நீர் தங்காது. அடுக்குகளின் இணைப்பிலும், துளை விழுந்து சிதைந்த பகுதியிலும்தான் ஊற்று கிடைக்கும். பிளவுக்குள்ளேயே இறுகிப்போன குழம்பு சில இடங்களில் நிலத்துக்கடியில் சுவர்போல ஓடுகிறது. நீரோட்டத்தை அது மறித்தால், மேல்பக்கத்துக் கிணறு நிறைந்தும் கீழ்பக்கத்துக் கிணறு காய்ந்தும் கிடக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு எப்படி ஓடியது என்பதுதான் ஒரு விவசாயியின் இந்த வருடத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் உண்டா என்பதைத் தீர்மானிக்கிறது. கல்லை வாசிக்காமல் கடன் வாங்கிக் கிணறு வெட்டுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

சரி, மலையாக நிற்க வைத்தது எது? கண்டங்களின் பிரிவும், அதன் பிறகு நடந்த அரிப்பும். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்தது. குழம்புப் பெருக்குக்குப் பின், இன்று இந்தியப் பெருங்கடலில் தீவுகளாக இருக்கும் செஷல்ஸ் பிரிந்தது. பிளந்த நிலத்தின் விளிம்புதான் இந்த மலை. கடலை நோக்கிய பக்கம் இடிந்தும் அரிக்கப்பட்டும் பின்வாங்க, கொங்கணச் சமவெளிக்கு மேலே செங்குத்தான சுவர் நிற்கிறது. கிழக்கே நிலம் மெல்லச் சரிகிறது. அதனால்தான் அரபிக்கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், திரியம்பகேஷ்வரில் பிறக்கும் கோதாவரி, பக்கத்துக் கடலை விட்டுவிட்டு 1,465 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. இமயமலை போல இரண்டு கண்டங்கள் மோதி மடிந்த மலை அல்ல இது. பெரும்பாலான அடுக்குகள் இன்றும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே கிடக்கின்றன. அரிப்பு மட்டுமா, நிலமும் உயர்ந்ததா, எப்போது உயர்ந்தது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

எரிமலையே இந்த உயரத்துக்குக் காரணம் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குழம்பு அடுக்குகளின் மேலே நிற்கும் மகாராஷ்டிரத்தின் உயர்ந்த சிகரமான கல்சுபாய் 1,646 மீட்டர். குழம்பே படியாத தெற்கில் ஆனைமுடி 2,695 மீட்டர். அது எப்படி? நீலகிரியின் சார்னோக்கைட் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறிய பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சென்னைக்காரர்கள் அந்த வகைப் பாறையைப் பார்க்க மலை ஏற வேண்டாம், பல்லாவரம் குன்றுகளே போதும். கோவில்பட்டிக் கரிசலும் தக்காணக் குழம்பிலிருந்து வந்ததல்ல. மகாராஷ்டிரத்துப் பருத்தி மண்ணும் அதுவும் நிறத்தில் ஒன்றுபோல இருந்தாலும், நம் கரிசல் அங்கேயே உள்ள நைஸ் (gneiss) என்னும் பழைய உருமாறிய பாறைகள் சிதைந்து உண்டானது.

மீண்டும் வெடிக்குமா என்று பயப்பட வேண்டாம். அன்று குழம்பைத் தந்த வெப்ப மூலம் பின்தங்கிவிட்டது; நிலம் அதன்மேல் நகர்ந்து வடக்கே வந்துவிட்டது. நகர்ந்த தடத்தில்தான் லட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் நிற்கின்றன. பவளத்துக்கு அடியில் இருப்பது எரிமலைப் பாறை. இன்று அந்த மூலம் ரீயூனியன் தீவின் கீழே இருக்கிறது. அங்குள்ள எரிமலை இப்போதும் அடிக்கடி பொங்குகிறது. மும்பைக்கு அருகே வஜ்ரேஷ்வரி வெந்நீர் ஊற்றுகளைக் காட்டி 'உள்ளே நெருப்பு இருக்கிறது' என்பார்கள். வெடிப்புகளின் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறித் திரும்பும் மழைநீர்தான் அது.

நேரில் பார்க்க ஆசையிருந்தால், சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும்போது லோணாவளா - கர்ஜத் இறக்கத்தைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அடுக்குகள் நன்றாகத் தெரியும்: கெட்டியான பாறை செங்குத்தாக மொட்டையாக நிற்கும்; அடுக்குகள் சேரும் இடத்தில் ஈரம் கசிவதால் புல்லும் மரமும் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல வளர்ந்திருக்கும். அந்தப் பச்சைக் கோடுகளை எண்ணினால், அந்த மலைமுகத்தில் எத்தனை வெள்ளங்கள் என்று ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.