ஸ்லைடில் ஒன்றும் இல்லை, எலைசாவில் பாசிட்டிவ்: குதிரைக்கு எதை நம்புவது?

கேள்வி: வணக்கம் சார். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் கத்தியவார் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன், ஐந்து வயது, ரேக்ளாவுக்குப் பழக்குகிறோம். இரண்டு மாதத்தில் மூன்று முறை காய்ச்சல் வந்து தானாக விட்டது. ஒரு நாள் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. எங்கள் ஊர் டாக்டர் ஸ்லைடு பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார். வெளியே அனுப்பிய எலைசாவில் தைலேரியா ஈக்வி பாசிட்டிவ். யார் சொல்வது சரி? ஊசி போட்டால் முழுசாகப் போகுமா? தொழுவத்தில் நாலு மாடு இருக்கிறது, அதுகளுக்கும் வருமா?

பதில்: வணக்கம். இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான், உங்கள் டாக்டர் மேல் தப்பே இல்லை. இரண்டும் பார்ப்பது வேறு வேறு விஷயம்.

ஸ்லைடு என்பது அந்த நேரத்தில், அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் கிருமி கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது. காய்ச்சல் கொதிக்கும்போது, உண்ணி பரப்பும் ரத்தக் கிருமியான தைலேரியா ஈக்வி நூறு சிவப்பணுவில் ஒன்று முதல் ஐந்து வரை பிடித்திருக்கும், சில குதிரைகளில் இருபதைக்கூடத் தாண்டும். அப்போது எடுத்தால் சிவப்பணுவுக்குள் நாலு சின்னப் புள்ளிகள் சிலுவை மாதிரி சேர்ந்து நிற்பது தெளிவாகத் தெரியும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியா கபாலி அப்படியில்லை, காய்ச்சலிலேயே நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் இரண்டுமே ஒளிந்துகொள்ளும். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு மட்டக்குதிரைக்கு, காய்ச்சல் விட்ட பிறகு எடுத்த ஸ்லைடைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் அது எழுந்து நிற்க முடியாமல் வந்தது. அன்றிலிருந்து ஸ்லைடை எடுத்த நாள், நேரம், அப்போதைய உடல் சூடு மூன்றையும் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

எலைசா கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. அது உருவாக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் முதல் காய்ச்சலிலேயே அனுப்பினால் நெகட்டிவ் என்றுகூட வரலாம். தாயிடம் சீம்பால் குடித்த குட்டிக்குச் சில மாதம் வரை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். உங்களுடையது ஐந்து வயதுக் குதிரை, அந்தக் குழப்பம் இல்லை. தைலேரியா ஈக்வி ஒருமுறை புகுந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் ரத்தத்தில் தங்கிவிடும். ஆகவே உங்கள் பெட்டை அதைச் சுமக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மூன்று காய்ச்சலும் அதனால்தானா என்பதை எலைசா சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். அடுத்த முறை சூடு ஏறிய அன்று, எந்த ஊசியும் போடுவதற்கு முன்னால், டாக்டரைக் கூப்பிட்டுக் காது நுனியில் குத்தி வரும் ரத்தத்தில் இரண்டு ஸ்லைடு இழுக்கச் சொல்லுங்கள், அங்கேயே காற்றில் காயட்டும். கழுத்து நரம்பிலிருந்து ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சிவப்பு மூடிக் குழாயில் ஒன்று எடுக்க வேண்டும். குழாய்களை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஐஸ்மேல் நேராகப் படாமல் துணி சுற்றி. உறைந்துபோனால் ரத்தம் வீண். ஊதா மூடிக் குழாயில் பிசிஆர் பார்த்தால் கிருமியே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதே குழாயில் பிசிவி என்ற அளவையும் கேளுங்கள், ரத்தத்தில் சிவப்பணு நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் அது. ஓட்டக் குதிரைக்கு 30க்கு மேல் இருக்க வேண்டும், 20க்குக் கீழே போனால் வண்டியில் பூட்டவே பூட்டாதீர்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடைக் கல்லூரி பக்கம்தான். குதிரைக்கென்றே உள்ள தேசிய ஆராய்ச்சி மையம் ஹரியானாவில் ஹிசாரில் இருக்கிறது, டாக்டர் மூலம் அங்கும் அனுப்பலாம்.

அந்தக் கடுங்காப்பி மூத்திரம்தான் எனக்கு உறுத்துகிறது. அது ஓட்டிப் பழக்கிய நாளா, ஓய்வு நாளா? கடுமையாக ஓடிய பிறகு தசை சிதைந்தாலும் மூத்திரம் அதே நிறத்தில்தான் போகும். மறுபடி வந்தால் ரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாயை அரை மணி நேரம் ஆடாமல் நிறுத்திப் பாருங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே நீர் தெளியும். அந்த நீர் ரோஸ் நிறமாக இருந்தால் ரத்தம் உடைகிறது, வழக்கமான வைக்கோல் மஞ்சளாக இருந்தால் தசைப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்புறம், கண் மஞ்சளாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குதிரை இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டாலே கண் மஞ்சளாகும்.

வந்து வந்து போகும் காய்ச்சல் என்றதும் சர்ரா நோயையும் கேட்டுவிட வேண்டும். அது உண்ணியால் வருவதில்லை, கடிக்கிற பெரிய ஈக்களால் வருவது, மருந்தும் வேறு. காலும் அடிவயிறும் வீங்கியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதே ஸ்லைடில் தேடலாம்.

ஊசி விஷயம். இமிடோகார்ப் காய்ச்சலை அடக்கும், உயிரைக் காப்பாற்றும். ஆனால் தைலேரியா ஈக்வியை வேரோடு அழிக்க மூன்று நாளுக்கு ஒருமுறை என நாலு பெரிய டோஸ் போட வேண்டும், போட்டும் எல்லாக் குதிரையிலும் போய்விடும் என்று சொல்ல முடியாது. வயிற்று வலி, எச்சில் ஒழுகுதல், வியர்வை எல்லாம் வரும். கழுதைக்கு அந்த டோஸ் உயிருக்கே ஆபத்து. குதிரையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பாடு தேவைப்படலாம். நம் ஊரில் முழுசாகச் சுத்தம் செய்தாலும் நாளைக்கே உண்ணி மறுபடி ஏற்றிவிடும். நன்றாகத் தின்று ஓடுகிற குதிரைக்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ஊசி வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சலும் ரத்தக் குறைவும் சேர்ந்து வரும்போது டாக்டர் கையால் போடுங்கள்.

மாட்டுக்கு வரும் தைலேரியா வேறு இனம், இது மாட்டுக்கு ஒட்டாது. ஆனால் குதிரையைக் கடிக்கும் உண்ணிகளில் சில மாட்டிலும் ஏறுகிறவை, அதனால் மாட்டையும் சேர்த்துத்தான் உண்ணி ஒழிக்க வேண்டும். இங்கே ஒன்று மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: மாட்டுக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைமேல் அடிக்கவே கூடாது. குடல் அசையாமல் நின்று, சாணம் கட்டி, சூலையில் செத்துப்போகும். டெல்டாமெத்ரின் போதும், அளவை டாக்டரிடம் கேளுங்கள். காதுக்குள், பிடரி மயிருக்கு அடியில், வால் அடியில், மடிப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் உண்ணி தட்டுப்படும். ஒரே ஊசியை இரண்டு குதிரைக்குக் குத்தினாலும் இது பரவும், ஆளுக்கொரு ஊசி வாங்கி வையுங்கள்.

பெட்டை என்பதால் இதையும் சொல்கிறேன். குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால் சேர்க்கைக்கு முன்பே இந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றில் இருக்கும்போதே கிருமி குட்டிக்குப் போவதுண்டு, கரு கலைவதும் உண்டு.