சீன ஏற்றுமதி வெள்ளி வளையல்: வயது, பச்சைக்கல், கறுப்பு, கொக்கி

வாசகர் கேள்வி: அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடம் இணைய ஏலத்தில் ஒரு வளையல் வாங்கினேன். பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பி வேலை, நீல எனாமல் (உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு), நடுவில் செதுக்கிய சிவப்புக் கல், இரு பக்கமும் பச்சைக் கற்கள். உட்புறம் ஆங்கிலத்தில் ‘சில்வர்’, ‘மேட் இன் சைனா’ என்று குத்தியிருக்கிறது. 1920களில் செய்தது என்றார்கள். நம்பலாமா? பச்சைக்கல் ஜேடுதானா? இடுக்குகளில் கறுத்திருக்கிறது, சில்வர் டிப் என்ற வெள்ளி வெளுக்கும் திரவத்தில் முக்கலாமா? தளர்ந்த கொக்கியை நகைப் பட்டறையில் பற்றவைக்கலாமா?

பதில்: கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில். டிப்பில் முக்க வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். வயதைத் தவறாகக் கணித்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். உதிர்ந்த எனாமலும் வெளுத்த முலாமும் திரும்ப வராது.

இனி வயது. உங்களிடம் இருக்கும் சான்றுகளில் மிகப் பலவீனமானது அந்த முத்திரைதான். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றானது. வெறும் ‘சைனா’ என்றிருப்பவை பெரும்பாலும் 1920களுக்கு முந்தியவை. ‘மேட் இன் சைனா’ 1920களிலிருந்து பரவலானது. அதை வைத்துத்தான் விற்பவர்கள் ‘1920கள்’ என்கிறார்கள். ஆனால் 1950 டிசம்பரில் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை போட்டது, 1971இல்தான் நீக்கியது. அதன்பின் 1970களிலும் 80களிலும் இதே பாணியில், இதே முத்திரையோடு ஏராளமான நகைகள் வந்து இறங்கின. ஆகவே உங்கள் வளையல் நேராக அமெரிக்காவுக்கு வந்ததென்றால் 1950க்கு முந்தியதாகவோ 1971க்குப் பிந்தியதாகவோ இருக்கும். எந்தப் பக்கம் என்பதை முத்திரை சொல்லாது. ‘சில்வர்’ என்ற சொல்லும் தரத்தைச் சொல்வதில்லை.

வேலைப்பாட்டைப் பாருங்கள். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். கையால் செய்த கம்பி வேலையில் இரண்டு மெல்லிய இழைகளை முறுக்கித் தட்டையாக்கி, சுருள் சுருளாக வளைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு சுருள் போல மறு சுருள் இருக்காது. கம்பி முனைகளும், பற்றவைக்க உருக்கிய பற்றாசின் பொட்டுகளும் தெரியும். வார்ப்பில் செய்த போலியில் கம்பி அடித்தகட்டோடு ஒன்றாக உருகிக் கலந்து நிற்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும், ஊசிமுனைக் குழிகள் தென்படும். இந்தச் சோதனை வார்ப்பை மட்டுமே விலக்கும். 1970களின் நகைகளிலும் கைக்கம்பி வேலை உண்டு என்பதால் அடுத்ததாகத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும்.

பல பத்தாண்டுகள் அணிந்த வளையலில் முலாம் மேடான இடங்களிலும் மணிக்கட்டில் உரசும் உள்விளிம்பிலும் போயிருக்கும்; பள்ளங்களில் தங்கியிருக்கும். கீல் ஆணியும் அதன் துளையும் சேர்ந்து தேய்ந்திருக்கும். கொக்கியின் நாக்குத் தேய்ந்து, கீல் மட்டும் புதிதாக இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. எங்கும் ஒரே சீராகப் பளிச்சிடும் எலுமிச்சை மஞ்சள் முலாம், அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவுக் கற்கள், கைக்கு லேசான எடை: இவை மூன்றும் சேர்ந்தால் பிந்திய காலம் என்றே கொள்வேன். பழைய வேலையில் கற்கள் சற்று ஏறுமாறாக இருக்கும். ஒவ்வொன்றின் சுற்று விளிம்பும் அந்தந்தக் கல்லுக்கென வெட்டப்பட்டிருக்கும்.

நகைக்கடையில் காரட் மீட்டரில் (உலோகத் தரம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முலாம் உள்ள இடத்தில் வைத்தால் தங்கக் கணக்குக் காட்டிக் குழப்பும். முலாம் தேய்ந்த உட்புறத்தில், பற்றாசு இல்லாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள்.

நடுவிலுள்ள சிவப்புக் கல் பெரும்பாலும் கார்னீலியன் என்ற செந்நிறக் குவார்ட்ஸ் கல்லாக இருக்கும். இவ்வகை நகைகளில் செதுக்கிய கார்னீலியன் மிகச் சாதாரணம். பச்சைக்கல்தான் ஆளை ஏமாற்றும். ஜேடு என்ற பெயரில் இரண்டு வேறு கனிமங்கள் வருகின்றன: ஜேடைட், நெஃப்ரைட். லென்ஸில் ஜேடைட் சர்க்கரைப் பரல் நெருக்கியதுபோல் தெரியும். நெஃப்ரைட் நார் பின்னியதுபோல் இருக்கும். பச்சைக்குள் சின்னச் சின்ன மினுக்குத் தகடுகள் இருந்தால் அது அவென்சுரின் என்ற குவார்ட்ஸ் வகை. உருண்டைக் குமிழிகளும் சுழிக்கோடுகளும் இருந்தால் கண்ணாடி. பரல்களுக்கு இடையே வலைபோலப் பச்சை தேங்கியிருந்தால் சாயமேற்றிய குவார்ட்ஸைட் என்ற பாறை. செர்பன்டைன் என்ற மெதுக்கல்லும் ஜேடின் இடத்தில் நிறைய வைக்கப்பட்டது. அதன் விளிம்புகள் சீக்கிரம் மழுங்கும்.

கல் தானாகக் கழன்று கையில் இருந்தால் ஒப்படர்த்தி (அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) பார்த்துவிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் முதலில் காற்றில் எடை. பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடி தொடாமல் அமிழ்த்தினால் தெரியும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 3.3 பக்கம் வந்தால் ஜேடைட், 2.95 பக்கம் நெஃப்ரைட், 2.65 பக்கம் குவார்ட்ஸ் இனம், 2.5க்கு அருகே கண்ணாடி அல்லது செர்பன்டைன். கல் பதிந்திருக்கும்போது இது செல்லாது. இதற்காகக் கல்லைக் கழற்றுவது பெரிய தவறு. ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட் 1980களில்தான் சந்தைக்கு வந்தது. ஆய்வகம் அப்படிச் சான்றளித்தால், கல்லோ நகை முழுவதுமோ 1920களுடையது அல்ல.

சுத்தம் செய்வது. முலாம் மிக மெல்லியது, அதில் நுண்துளைகள் உண்டு. அடியிலிருக்கும் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து, அந்தத் துளைகள் வழியாகக் கறுப்பாக மேலேறுகிறது. பாலிஷ் துணியால் தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போகும். டிப் என்பது அமிலமும் தயோயூரியாவும் கலந்த நீர். கம்பிச் சந்துகளில் தங்கி எனாமலை அரிக்கும், டர்க்காய்ஸோ பவளமோ இருந்தால் அவற்றையும் கெடுக்கும். நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பயன்படும் புளியும் அமிலமே. விபூதி நன்றாகப் பளபளப்பாக்கும், ஆனால் அது உராய்பொடி. கம்பி ஓட்டைகளில் அடைந்துகொண்டால் எடுக்கவே முடியாது. அலுமினியத் தாள், சோடா, வெந்நீர் முறையில் சூட்டு அதிர்ச்சியால் எனாமல் விரிசல் விடும். அல்ட்ராசானிக் தொட்டியும் (ஒலி அதிர்வால் கழுவும் கருவி) வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவே. மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். காய்ச்சி வடித்த நீர் ஒரு கிண்ணத்தில் இரண்டு சொட்டு மிதமான திரவ சோப்பு. பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, உலோகத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். அடுத்த குச்சியில் வெறும் நீர். உடனே துணியால் ஒற்றி, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் உலர்த்துங்கள். முக்கக் கூடாது: கல்லுக்கடியில் நீர் புகுந்தால் பழைய பசை இளகும். மிஞ்சும் கறுப்பை அப்படியே விடுங்கள். பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் கம்பி வேலை கண்ணுக்குத் தெரியும். வாங்குபவர்களும் அதையே விரும்புகிறார்கள்.

கொக்கிக்கு வருவோம். வெள்ளிப் பற்றாசு உருகவே 650 டிகிரி செல்சியஸ் அளவு வேண்டும். அந்தச் சூட்டில் முலாம் வெள்ளிக்குள் ஊறி நிறம் மறையும், எனாமல் வெடிக்கும், கார்னீலியன் விரிசல் விடும். ‘ஈயப் பற்று வைத்துத் தருகிறேன், சூடே படாது’ என்று சொல்பவரையும் தவிருங்கள். 183 டிகிரி பக்கம் உருகும் ஈயப் பற்று இன்றைக்குப் பிடிக்கும். பின்னொரு நாள் யாராவது அதைச் சூடாக்கினால் வெள்ளியை அரித்து ஓட்டை போடும். கொக்கியின் நாக்கு மடிந்து தளர்ந்ததென்றால், மடிப்பை ஒரு மெல்லிய கத்திமுனையால் துளி விரித்தாலே இறுகிவிடும். ஒரே முறை, மெதுவாக. முன்னும் பின்னும் வளைத்தால் முறியும். கீல் ஆணி தேய்ந்ததென்றால் அதே தடிமனில் வெள்ளிக் கம்பி போட்டு, சூடில்லாமல் முனையைத் தட்டி அடைக்கலாம். நாக்கே உடைந்திருந்தால் லேசர் வெல்டிங் உள்ள பட்டறைக்குப் போங்கள். சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடும். ஆடும் கல்லுக்குச் சூப்பர் க்ளூ போடாதீர்கள். அதன் ஆவி கல்மேல் வெண்படலமாகப் படியும். போக்க அசிட்டோன் வேண்டும், அது மெழுகிட்ட கற்களைக் கெடுக்கும். சுற்று விளிம்பைப் பளபளப்பான எஃகு மெருகுகோலால் எதிரெதிர்ப் புறமாக அழுத்திக்கொண்டே வந்தால் கல் உட்கார்ந்துவிடும்.