கம்பைலருக்கு நற்சான்று வழங்க முடியுமா?

கேள்வி: 'சி' மொழியில் நான் எழுதிய செய்நிரலொன்று சாதாரணமாகக் கம்பைல் செய்தால் (கணினியின் கட்டளைகளாக மொழிமாற்றினால்) சரியாகவும், உகப்பாக்கத்தை (வேகமாக இயங்குமாறு கம்பைலர் செய்யும் மாற்றங்களை) கூட்டினால் பிழையாகவும் இயங்குகிறது. அவ்வாறு மொழிமாற்றும் கம்பைலரில்தான் வழு என்கிறேன் நான். ஆயிரக்கணக்கான சோதனைகளில் தேறிய கம்பைலரைக் குறை சொல்லக்கூடாது என்கிறார் எங்கள் குழுத் தலைவர். சோதனைகளில் தேறியது சரியானதுதானா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் கூறும் காரணம் செல்லாது. ஆனால் வழு எங்கே என்று பந்தயம் கட்டச் சொன்னால், நானும் அவர் பக்கமே கட்டுவேன்.

இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டும் ஒரு சிறு செய்நிரலை முற்றாகச் சோதிக்க வேண்டுமாயின், செக்கனுக்கு நூறு கோடி சோடிகள் வீதம் பார்த்தாலும் ஏறத்தாழ 585 ஆண்டுகள் செல்லும். கம்பைலருக்கோ உள்ளீடாக வருவது எண்ணன்று, செய்நிரல். அவற்றுக்கு எல்லையே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், சரியான விடை எதுவென்று யார் சொல்வது என்பதாகும். புதுக்கடையில் ஒரே பிறப்புச் சான்றிதழை மூன்று சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்து, மூவரும் வெவ்வேறாக எழுதினால் எவரோ பிழைவிட்டிருக்கிறார் என்று அறியலாம். மூவரும் ஒன்றுபோல எழுதினாலோ, மூவரும் ஒரே பிழையான அகராதியைப் பார்த்திருக்கவும் கூடும். கம்பைலர்களையும் இவ்வாறே ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான 'சிஸ்மித்' என்னும் கருவி, எழுந்தமானமாகச் செய்நிரல்களை உற்பத்தி செய்து, ஜிசிசி, எல்எல்விஎம் உள்ளிட்ட கம்பைலர்களில் முன்னர் அறியப்படாத 325இற்கும் மேற்பட்ட வழுக்களைக் கண்டுபிடித்ததாக 2011இல் அதன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அக்கம்பைலர்களும் தத்தம் சோதனைகளில் தேறியவைதாம். அந்தக் கருவிக்கும் எல்லை இருந்தது: மிதவைப் புள்ளி எண்கள் (தசம எண்கள்), இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு (இயங்கும்போதே நினைவகம் கேட்டுப் பெறுதல்), மீள்சுழற்சி (ஒரு செயற்கூறு தன்னையே அழைத்தல்) ஆகியவற்றை அது அன்று தொடவேயில்லை.

இனி உங்கள் செய்நிரலுக்கு வருவோம். குறியுடைய (நேர், எதிர் இரண்டையும் ஏற்கும்) முழு எண் தன் உச்ச எல்லையைத் தாண்டினால் என்ன நிகழும் என்பதை 'சி' மொழியின் தராதரம் வரையறுக்காமலே விட்டிருக்கிறது. ஆகவே, இந்த எல்லை மீறலை, அதாவது வழிதலை, கண்டுபிடிப்பதற்காக 'எக்ஸுடன் ஒன்றைக் கூட்டினால் அது எக்ஸை விடப் பெரியதா' என்று நீங்கள் எழுதும் வினாவை, 'எப்போதும் ஆம்' என்று கம்பைலர் சுருக்கிவிடலாம். அது வழுவன்று, உரிமை. இத்தகைய செய்நிரலில் இரண்டு கம்பைலர்கள் முரண்பட்டாலும் எதையும் குற்றம் சொல்ல முடியாது என்பதனால்தான், சிஸ்மித்தும் வரையறுக்கப்படாத நடத்தையைக் கவனமாகத் தவிர்த்தது. முதலில் சானிடைசரை (செய்நிரல் இயங்கும்போது இத்தகைய தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் கருவியை) இயக்கிப் பாருங்கள். அது மௌனமாக இருந்தால், பிழை மறையாதவாறு செய்நிரலை இருபது வரிகளுக்குள் சுருக்குங்கள். அதன் பின்னரும் பிழை நின்றால், குழுத் தலைவரிடம் தாராளமாகப் போகலாம். (நான் இப்படிப் போக எண்ணிய தடவைகளில் பெரும்பாலானவை சானிடைசரோடு முடிந்துபோயின.)

கேள்வி: அப்படியானால், சோதனையை விட்டுவிட்டுக் கணித நிரூபணத்தை நம்பலாமே?
- மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: கூடுதலாக நம்பலாம். பிரான்சில் சேவியர் லெருவா தலைமையில் உருவான 'காம்ப்செர்ட்' கம்பைலரின் நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் (உகப்பாக்கம் நிகழும் பகுதியில்), ஆறு சீபியு ஆண்டுகள் (ஒரு செயலி ஆறு ஆண்டுகள் ஓடுவதற்குச் சமமான உழைப்பு) முயன்றும் பிழையான குறிமுறையை உண்டாக்கும் வழு எதனையும் சிஸ்மித் காணவில்லை. ஆனால் நிரூபணத்துக்கு வெளியே நின்ற பகுதிகளில் கண்டது. பவர்பிசி என்னும் செயலி வகையின் கட்டளையொன்றில் 16 பிட்டுக்குள் அடங்கவேண்டிய எண்ணுக்கு, நிரூபணத்தின் அடிப்படையான விவரணத்தில் அந்த வரம்பு எழுதப்பட்டிருக்கவில்லை; எல்லை மீறினால் அசெம்பிளர் (கம்பைலர் தரும் கட்டளைகளை இயந்திரக் குறிகளாக்கும் செய்நிரல்) பிடித்துக்கொள்ளும் என்று கருதிவிட்டார்கள். அசெம்பிளர் பிடித்துக்கொண்டது; நிரூபணம் பிடிக்கவில்லை.