தரையில் ஆயில் சொட்டினால் டர்போ போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: 2014 மாடல் டர்போ டீசல் கார், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக, காலையில் வண்டியை எடுத்தால் வாசல் சிமென்ட்டில் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ரெண்டு மூணு கறுப்புப் பொட்டு. தர்மபுரியில் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “டர்போ சீல் போயிடுச்சு, டர்போவே மாத்தணும், 38,000 ஆகும்” என்கிறார்கள். இழுவை குறையவில்லை, புகையும் இல்லை. மாற்றிவிடலாமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இழுவையும் குறையாமல், புகையும் இல்லாமல், தரையில் மட்டும் சொட்டுகிறது என்றால் டர்போவைச் சந்தேகப்பட வேண்டியது கடைசியில்தான்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலி. அதற்குள் இருப்பது நாம் நினைக்கிற ரப்பர் சீல் இல்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டில் ரப்பர் தாங்காது. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம்தான் ஆயிலை மறித்து நிற்கிறது. அது தேய்ந்தால் ஆயில் ஒன்று காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் போகும், இல்லையென்றால் சைலன்சர் பக்கம் போகும். இரண்டிலும் எரிந்து நீலப் புகையாக வெளியே வரும். டிப் ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) அளவு மளமளவென்று இறங்கும். தரைக்குச் சொட்டுச் சொட்டாக வருவது பெரும்பாலும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகிற குழாய், திரும்பக் கொண்டுவருகிற குழாய், அல்லது இவற்றுக்கெல்லாம் மேலே இருக்கிற டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங்.

கீழேயிருந்து பார்த்தால் டர்போ நனைந்துதான் தெரியும். மேலே கசிகிற ஆயில் அதன் மேல் வழிந்துதானே இறங்குகிறது! வண்டி ஓடும்போது காற்றும் அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. லிஃப்டில் தூக்கி ஒரு நிமிடம் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு தவறுவது இதனால்தான்.

ஒரு வாரம் நீங்களே பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்த்து, ஒரு படம் எடுத்து வையுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் இரண்டும் நிற்கிற இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். காலையில் அட்டை பேசும். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாக இருக்கலாம். அழுகிய முட்டை மாதிரி நாற்றமடிக்கிற கெட்டியான ஆயில் கியர்பாக்ஸிலிருந்து வருவது. பச்சையோ இளஞ்சிவப்போ, விரலில் பிசுபிசுத்து இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, அதை விட்டுவிடலாம்.

அடுத்தது சுத்தம். எஞ்சின் ஆறியதும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவம்) தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரை மெல்லிசாக விட்டுக் கழுவிக் காய விடுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் சாக்கெட், காற்று உறிஞ்சும் வாய் இவற்றை பிளாஸ்டிக் கவரால் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாட்டர் அடிக்கக் கூடாது. காய்ந்ததும் டேப்பெட் கவர் விளிம்பு, ஆயில் பில்டரைச் சுற்றி, பிரேக் வேக்குவம் பம்ப் பொருந்துகிற இடம், டர்போவின் ஆயில் குழாய் மூட்டுகள், சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) விளிம்பு எல்லாவற்றிலும் சாதாரண முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். (காற்று உறிஞ்சும் குழாய்ப் பக்கம் போகக் கூடாது.) கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுக்கிற இடங்களில் எது மேலே இருக்கிறதோ, அதுதான் ஊற்று.

நின்ற வண்டியில் ஒன்றும் தெரியாவிட்டால் டர்போவுக்கு வேலை கொடுக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கும்போது டர்போ சும்மாதான் இருக்கும். திரும்பி ஏறி வரும்போதுதான் அது மூச்சுப் பிடித்து உழைக்கும். அப்படி ஒரு சுற்று போய்விட்டு வீட்டில் வந்து பாருங்கள். கணவாய் நடுவில் நிறுத்தி பானெட்டைத் திறக்க வேண்டாம், அந்த இடம் அதற்கானது அல்ல. பவுடருக்குப் பதில், ஆயிலில் கலக்கிற ஃப்ளூரசன்ட் சாயமும் கிடைக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவு ஊற்றி, வண்டியை ஓட்டி, புற ஊதா டார்ச் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும். பட்டறைக்காரரிடம் இதைக் கேளுங்கள். செய்ய மறுக்கிறவரிடம் டர்போ வேலையைக் கொடுக்காதீர்கள்.

டர்போவையும் ஒருமுறை பார்த்துவிடலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு, டர்போவுக்குள் காற்று போகிற குழாயைக் கழற்றி நடுத் தண்டை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், அது சகஜம். உள்ளே வெளியே இழுத்தால் கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. பிளேடு சுவரில் உரசிய கோடு, முனை சிதைந்த பிளேடு இருந்தால்தான் டர்போ பேச்சு.

என் கணிப்பு, டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகிற மேல் குழாயின் பான்ஜோ போல்ட் (குழாய் முனையை மாட்டுகிற, உள்ளே ஆயில் ஓடுகிற போல்ட்) வாஷர் அல்லது ஆயிலைத் திரும்பக் கொண்டுவருகிற கீழ்க் குழாயின் பேக்கிங். பான்ஜோ போல்ட் ஒன்றுக்கு, குழாய்க் கண்ணின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு காப்பர் வாஷர். குழாயின் இரு முனையும் பான்ஜோ என்றால் மொத்தம் நாலு. பழைய வாஷரையே திருப்பிப் போட்டு இறுக்குவது பட்டறைகளில் நடக்கிற சிக்கனம். நசுங்கிக் கெட்டிப்பட்ட செம்பு மறுபடி அடைக்காது. அது அடைக்கவில்லையே என்று மேலும் முறுக்கினால், நடுவில் துளையுள்ள போல்ட் அறுந்துவிடும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டுகிற ஸ்பானர்) வைத்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். டர்போ ஆயில் மூட்டு எதிலும் சிலிகான் பசை தடவக் கூடாது. பிதுங்குகிற ஒரு உருண்டை உள்ளே போனால் வழி அடைந்து நல்ல டர்போவும் காலி. வாஷர் வேலைக்கு ஆகிற செலவு 38,000-க்குப் பக்கத்திலேயே வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை: சூடான டர்போ மேல் ஆயில் விழுந்து கருகல் வாசனையோ பானெட்டிலிருந்து புகையோ வந்தால் ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: ஓசூரில் ஒரு பழைய கார் விற்கிற நிறுவனத்தில் டர்போ டீசல் கார் வாங்கினேன். எஞ்சின் பளபளவென்று இருந்தது. பதினைந்தே நாளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில். கிராங்க் ஆயில் சீல் (எஞ்சினின் முக்கியத் தண்டைச் சுற்றியுள்ள சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸ் இறக்கணும் என்கிறார் மெக்கானிக். விற்றவர்கள் “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்கிறார்கள். (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: பளபளவென்று இருந்ததே முதல் சந்தேகம். கழுவிய எஞ்சினில் கசிவு தெரிய நூறு இருநூறு கி.மீ. ஓட வேண்டும். மேல் பக்கத்தைக் கழுவுகிறவர்கள் கீழே இருக்கிற எஞ்சின் கார்டின் உள்பக்கத்தைக் கழுவுவதில்லை. வாங்கும் முன் அதன் இடுக்கில் கையை விட்டுத் தடவினால், மண்ணும் ஆயிலும் குழைந்த சேறு விரலில் ஒட்டும். அடுத்த முறைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது: கியர்பாக்ஸை இறக்கும் முன், டேப்பெட் கவரின் பின்பக்கத்திலிருந்து வழிந்து அங்கே வருகிறதா என்று மேலே சொன்ன பவுடர் சோதனையைச் செய்யுங்கள். அந்த ஆயிலும் இதே மூட்டில்தான் வந்து நிற்கும். கிராங்க் சீல்தான் என்று உறுதியானால், சீல் விலை சொற்பம், கூலிதான் பெரிது. கியர்பாக்ஸ் இறங்குகிற நேரத்தில் கிளட்ச் பிளேட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள்; அதே கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். எஞ்சினுக்குள் சேர்கிற காற்றை வெளியேற்றுகிற பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் அழுத்தம் தங்கினால் புது சீலையும் அது தள்ளிவிடும்.

பணத்தைப் பற்றி. விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், “லீக் எதுவும் இல்லை” என்று சொன்ன வாட்ஸ்ஆப் செய்தி, ரசீது, வேறொரு பட்டறையின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பழுது பார்ப்பதற்கு முன் படமும் வீடியோவும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐம்பது லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஓசூருக்கு அலைய வேண்டாம். வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே பில்டர் பக்கம் ஆயில் கொட்டியது. (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதுசை மாட்டியிருப்பார்கள். இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்று நின்றால் அழுத்தத்தில் பிதுங்கிவிடும். இல்லையென்றால் சேம்பர் டிரெயின் நட்டின் வாஷர். ஸ்டார்ட் பண்ணாமல் பட்டறைக்காரரை வரச் சொல்லுங்கள். ஆயில் விளக்கு எரிந்தபடி நாலு கி.மீ. ஓட்டினாலும் டர்போ பேரிங்தான் முதலில் போகும். கொட்டிய ஆயிலின் விலையும் அவர்கள் கணக்குதான். ரசீது கொடுக்க மறுத்திருந்தால், அந்த மறுப்பே சட்டப்படி முறையற்ற வணிகம்.

கேள்வி: கசிவு நிற்க கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்று என்கிறார் ஒருவர், லீக் அடைக்கிற பாட்டில் ஊற்று என்கிறார் இன்னொருவர். (பென்னாகரம் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். கெட்டி ஆயில் காலைக் குளிரில் டர்போவுக்குப் போய்ச் சேர நேரமாகும், அந்தச் சில வினாடிகளில் தண்டு காய்ந்து சுற்றும். பாட்டில் மருந்து ரப்பரை ஊதவைக்கும். காப்பர் வாஷரையும் உலோக வளையத்தையும் அது என்ன செய்யும்? கையேட்டில் போட்ட கிரேடையே ஊற்றுங்கள்.

கேள்வி: பட்டறையில் சொன்னபடி டர்போ மாற்றினேன். மூன்றே மாதத்தில் நீலப் புகை, இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கிற பாகம்) குழாயில் மறுபடி ஆயில். கம்பெனி டர்போ இல்லை போல. (அரூர் வாசகர்)

பதில்: டர்போ அசலாகவே இருக்கலாம். பழையது ஏன் போனது என்று யாரும் பார்க்காமல் புதுசை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். மேல் குழாய் கரி பிடித்திருந்தால் புது டர்போவுக்கும் ஆயில் பற்றாது. கீழ்க் குழாய் வெறும் ஈர்ப்பில் வடிகிறது. அது வளைந்தோ அடைந்தோ இருந்தால் ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, வளையத்தைத் தாண்டி வழியும். எஞ்சினே தேய்ந்திருந்தாலும் அதே கதிதான். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாகத் துள்ளினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று இறங்குகிறது அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது.

குழாயின் உள்சுவரில் மெல்லிய ஆயில் பூச்சு எல்லா டர்போ வண்டியிலும் உண்டு, அது பிரீதரிலிருந்து வருவது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் அரை டம்ளர் கொட்டினால்தான் கோளாறு. அப்படிக் கொட்டினால் கழுவாமல் ஓட்டாதீர்கள். அந்த ஆயிலையே டீசலாகக் குடித்து எஞ்சின் தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நடந்தால் மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை முழுசாக மிதித்து, உச்ச கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். காற்று வாயில் கையை வைத்து அடைக்கப் போகாதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது: குழாய் இரண்டையும் மாற்றினீர்களா, ஆயிலும் பில்டரும் புதிதா, முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவில் ஆயில் நுழைகிற துளையில் ஆயில் ஊற்றினீர்களா? இவை ரசீதில் வரி வரியாக இருக்க வேண்டும். “டர்போ ஒர்க்” என்று ஒரே வரியில் தொகை போட்டிருந்தால், பாகத்தின் எண்ணோடு வேறு ரசீது கேளுங்கள். கழற்றிய பழைய டர்போ இன்னும் அவர்களிடம் இருந்தால் அதையும் வாங்கி வையுங்கள்.