கார்புரேட்டரைக் கழற்றும் முன்: பழைய பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, கார்புரேட்டரைக் கழற்றிப் போட்ட பிறகு எழுதப்பட்டவை. முன்பே கேட்டிருந்தால் சிலர் அதைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

என் ஆர்எக்ஸ்100 நாலைந்து மாதம் ஓடாமல் நின்றது. இப்போது சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் அணைகிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். (ஈரோடு)

மாற்றாதீர்கள். இது ஸ்லோ ஜெட் அடைத்திருப்பதன் அடையாளம். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு வழியாகத்தான் போகிறது. சோக்குக்குத் தனி வழி இருப்பதால் அது உள்ளவரை எஞ்சின் ஓடுகிறது. நின்ற வண்டியில், கார்புரேட்டரின் அடிக் கிண்ணமான பவுலில் உள்ள பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மிஞ்சும். அது முதலில் அடைப்பது இருப்பதிலேயே சின்ன ஓட்டையைத்தானே.

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரை இறக்கி, அடியில் உள்ள பவுலைக் கழற்றுங்கள். வேலை திறந்த இடத்தில் நடக்கட்டும். பக்கத்தில் பூஜை விளக்கு, பீடி எதுவும் கூடாது. நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது மெயின் ஜெட், அருகில் குழிக்குள் ஒளிந்திருப்பது ஸ்லோ ஜெட். ஜெட்டின் தலையில் வெட்டியிருக்கும் காடியின் முழு அகலத்துக்கும் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் பித்தளை சிதைந்து, அப்புறம் ஜெட் வெளியே வராது. கழற்றியதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நல்ல வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கோணலாகத் தெரிந்தால் அடைப்பு மிச்சம் இருக்கிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காற்று அடியுங்கள்.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஜெட் உட்கார்ந்திருந்த குழிக்குள்ளும் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். எஞ்சின் பக்கம், ஸ்லைடை (ஆக்சிலரேட்டரைத் திருகினால் மேலே எழும் துண்டு) ஒட்டியிருக்கும் பொடித் துளை வழியாக அது பீறிட்டு வந்தால் பாதை சுத்தம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஜெட்டை ஸ்டவ் பின்னால் குத்தலாமா? (விருதுநகர்)

கூடாது. பின் எஃகு, ஜெட் பித்தளை. ஜெட்டில் பொறித்திருக்கும் எண் அதன் அளவுக்கான எண். ஓட்டை ஒரு இழை அகலமானாலும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஸ்ப்ரேக்கு மசியாவிட்டால் மின் வயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, மெதுவாக விட்டு எடுங்கள்.

சுத்தம் செய்து மாட்டியதில் இருந்து புல்லட்டில் பெட்ரோல் ஒழுகுகிறது. (நாகர்கோவில்)

முதலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பவுலை லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். பவுலில் மிதக்கும் ஃப்ளோட் மேலே எழும்போது பெட்ரோலை அடைப்பது ஃப்ளோட் ஊசி. அதில் தூசி மாட்டியிருந்தால் தட்டியதிலேயே ஒழுக்கு நிற்கும். நிற்காவிட்டால் பவுலைத் திறந்து ஊசியின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். வளையம் போல் தடம் விழுந்திருந்தால் ஊசியை மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது சூடு காட்டினால் வெடிக்கும். புதிது வாங்கிவிடுங்கள்.

இரவெல்லாம் ஒழுகியிருந்தால் எஞ்சின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் கிக் அடிக்காதீர்கள்.

ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

கழற்றும் முன் அதை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்க வேண்டாம், முனை ஊசி. குறிப்பு இல்லை என்றால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்துத் தொடங்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அதை மெதுவாகத் திருகி, ஐட்லிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை அளக்கிறது. உள்ளே திருகினால் குறையும். அதனால் நண்பரின் வண்டி யோசனையை அப்படியே எடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டி ஒரு கிக் அடித்ததும் எஞ்சின் அலறுகிறது. (வேலூர்)

உடனே சாவியை அணையுங்கள். ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். அதன் அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் சின்ன முளையில் உட்கார வேண்டும். இனிமேல் ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரைத் திருகி விடுங்கள். ஸ்லைடு 'டக்' என்று கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும். ஸ்லைடு சரியாக இருந்தும் அலறினால், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

கார்புரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தாகிவிட்டது. ஆனாலும் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் வண்டி திணறி நிற்கிறது. கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது. (கோவில்பட்டி)

மூன்றாவது தடவை வேண்டாம். அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பெட்ரோல் டேப்பின் வடிகட்டியைப் பாருங்கள், பழைய டேங்கில் துருப்பொடி அங்கேதான் சேரும்.

ராஜ்தூத் 350. இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் பிரிக்கலாமா? (சென்னை)

ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. பாகங்கள் கலக்காது, குழம்பினால் இன்னும் பிரிக்காத கார்புரேட்டரைப் பார்த்து மாட்டலாம். மாட்டிய பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்லைடின் அடியிலும் விரல் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எழவேண்டும். முந்துகிறதைக் கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்யாவிட்டால் ஒரு சிலிண்டர் மட்டுமே சுமையை இழுக்கும்.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய கார்புரேட்டருக்கு ஆகுமா? (மதுரை)

20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊதவோ இறுக்கவோ செய்யும், ஈரத்தையும் இழுக்கும். கழற்றும்போதே ஓ-ரிங், பவுல் கேஸ்கெட் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பழையதை கிளீனரில் ஊறப்போடாதீர்கள். மூன்று நாலு வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, பவுலின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காலிசெய்துவிடுங்கள்.