மருத்துவமனைப் படுக்கையில் ஒரு வரலாற்று விசாரணை

கேள்வி: பழைய வரலாற்றுப் புதிரை மறுவிசாரணை செய்யும் துப்பறியும் நாவல் ஒன்றைச் சொல்லுங்களேன். அதன் முடிவை நம்பலாமா?

பதில்: ஜோசஃபின் டே 1951-இல் எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்' என்ற ஆங்கில நாவலைத் தயங்காமல் சொல்வேன். கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் காவல் ஆய்வாளர் ஆலன் கிராண்ட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைக் கண்டு, 1483-இல் லண்டன் கோபுரத்தில் காணாமற்போன அண்ணன் மகன்கள் இருவரையும் இவரா கொன்றிருப்பார் என்று ஐயுறுகிறார். அவர் சாட்சிகளை எடைபோடும் விதம்தான் நாவலின் உயிர். ரிச்சர்டைக் கொலைகாரராகச் சித்திரித்த ஆங்கில அறிஞர் தாமஸ் மோர், அம்மன்னர் 1485-இல் போர்க்களத்தில் மாண்டபோது பத்து வயதுகூட நிரம்பாத சிறுவர். ஆகவே அவர் எழுதியது செவிவழிச் செய்தியே என்று கிராண்ட் ஒதுக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்து அரியணையேறிய ஏழாம் ஹென்றி, அச்சிறுவர்களை முறையற்ற வாரிசுகளென அறிவித்த 1484-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, அதன் படிகளையும் அழிக்க ஆணையிட்டது உண்மை. அதனால் அவர்கள் உயிரோடிருந்தால் அரியணை அவர்களுக்கே உரியதாகும்; எனவே அவர்களைக் கொல்லும் நோக்கம் ஹென்றிக்கே இருந்தது என்ற நாவலின் வாதம் வலுவானது.

ஆயினும் ரிச்சர்ட் குற்றமற்றவர், கொன்றவர் ஹென்றியே என்ற நாவலின் முடிவை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை. சிறுவர்கள் மறைந்தபோது அவர்களுக்குப் பாதுகாவலர் ரிச்சர்டே. வரலாற்றறிஞர் பலர் இன்றும் அவரையே ஐயுறுகின்றனர். முகத்தைப் பார்த்துக் குணத்தை முடிவுசெய்வதும் சான்றாகாது.